ஆறு மணிப் பெரட்டு

பேய் இருக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஆனால் லட்சுமணனை எனக்குத் தெரியும். கிள்ளானில் அவரைத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. நாற்பது வருஷம் லோரி ஓட்டி, ஒரு சம்மன்கூட வாங்காத மனுஷன். கதை கட்டுவதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அது அவரிடம் மருந்துக்கும் இல்லை. நடந்த தேதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் ஒரு காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். நானே என் கண்ணால் பார்த்தேன். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

லட்சுமணனுக்கு வயது அறுபத்தாறு. மகள் விஷ்ணுப்ரியாவின் வீட்டில் இருக்கிறார். மனைவி பஞ்சவர்ணம் இறந்தது 1988 ஜூலை 14-ஆம் தேதி. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, மகளுக்கு இரண்டு. ஜெஞ்சாரோம் பக்கத்தில் எல்ம்பீல்ட் தோட்டத்தில், மண்டோர் என்ற கங்காணியின் கீழ், அவள் பால்மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தாள். இவர் அதே தோட்டத்தில் பால் லோரி ஓட்டினார்.

அன்றைக்கு விடிகாலையில் அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. "இன்னைக்கு ஒரு நாள் படுத்துக்கிறேனே" என்று கேட்டாள். "ஏற்கெனவே ரெண்டு நாள் நின்னுட்ட. மண்டோர் கத்துவான். போயிட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு இவர் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்பது இருபதுக்குப் பதினாலாம் நிரையில் அவள் விழுந்தாள். இவர் வந்து சேர்ந்தபோது முகத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

இவர் அழவில்லை. அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. "பல்லு புடுங்க ஊசி போடுவாங்கள்ல, அந்த மாதிரி தம்பி. இன்னும் தெளியல" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். முப்பத்தேழு வருஷமாகத் தெளியாத ஊசி.

தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் அது முதலில் காப்பித் தோட்டம், அப்புறம் ரப்பர். சஞ்சிக்கூலி என்று ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி இந்த மலாய் மண்ணுக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஓடிப்போனவனைப் பிடித்து வந்து அடித்தார்கள், ஜெயிலில் போட்டார்கள். செத்தவனை அங்கேயே புதைத்தார்கள். 1996-இல் தோட்டத்தை மூடினார்கள். இப்போது அங்கே வரிசை வரிசையாக வீடுகள், இரும்புக் கேட்டு, காவல்காரன். புதைகாட்டைத் தோண்டி, கிடைத்த எலும்புகளை எல்லாம் ஒரு மூலையில், கோயில் பக்கத்தில், ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அதன் மேல் ஒரு நினைவுக்கல் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்தார்கள்.

நினைவுக்கல் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது ஜனகா. பிரிக்பீல்ட்ஸ்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி வேலைக்கு, தோட்டத்துக் கணக்கு எழுத, வந்த குடும்பம். பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். அமெரிக்காவுக்குப் போய், அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்களை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவள்.

"அங்கே சுவர் முழுக்கப் பேர் அங்கிள். விரலால தொட்டுத் தொட்டு அழறாங்க. விக்கும்போது வயசு, விலை மட்டும்தான் எழுதினாங்க. அதனாலதான் இப்போ பேர் எழுதுறாங்க. நம்ம ஆளுங்களுக்கும் என் தாத்தா மாதிரி கிராணிங்க நம்பர்தான் போட்டாங்க. நாம பேர் எழுதுவோம்" என்றாள்.

நல்ல யோசனைதான். யார் குறை சொல்ல முடியும்? குடும்பம் குடும்பமாக விசாரித்து நூற்றுப் பன்னிரண்டு பெயர்களைச் சேர்த்தார்கள். அறுபத்து நாலாவது பெயர் பஞ்சவர்ணம்.

கல்லை சுங்கை பூலோவில் லிம் என்ற சீனக் கிழவரின் கல் பட்டறையில் செய்யக் கொடுத்தார்கள். சீனர்கள் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. லிம் ஊர் ஊராகக் கல்லறை பழுதுபார்க்கப் போய்விட்டார். பட்டறையில் இருந்தது ராஜேஷ்குமார் என்ற பெர்மிட் தொழிலாளி. புதுக்கோட்டைக்காரர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"எழுத்துக்கு என்ன கலர் வைக்கட்டும்ணே? வெள்ளையா, தங்கமா?"

கேட்டது லட்சுமணனிடம். பஞ்சவர்ணம் சுமங்கலியாகப் போனவள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துத்தான் அவளைக் குழியில் இறக்கினார்கள்.

"சிவப்பு வை தம்பி. குங்குமக் கலர். எல்லாப் பேருக்கும்."

"மங்களகரமா இருக்கும்ணே" என்றார் ராஜேஷ்குமார். இரண்டு தமிழர்கள் சேர்ந்து முடிவெடுத்தால் அதில் மங்களத்துக்குக் குறைவிருக்காது. பக்கத்தில் ஒரு சீனர் நின்றிருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பார். யாரும் நிற்கவில்லை.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. ஜனகா இன்னொரு யோசனை சொன்னாள். "நீங்கதான் அங்கிள் பேரெல்லாம் வாசிக்கணும். பெரட்டுல கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்க. அன்னைக்கு வேலைக்குக் கூப்பிட்டாங்க. இன்னைக்கு மரியாதைக்குக் கூப்பிடுறோம்."

பெரட்டு என்றால் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குத் தெரியாது. இருட்டு பிரிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. முதலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார்கள். டங்… டங்… டங்… ஓடி வந்து நிற்க வேண்டும். பெயர் சொன்னால் "ஐயா" என்று பதில் சொல்ல வேண்டும். பஞ்சவர்ணம் மட்டும் "இருக்கேன்" என்பாள். மண்டோருக்கு அது பிடிக்காது. அவளும் மாற்றிக்கொள்ளவில்லை.

லட்சுமணன் மைக்கைப் பிடித்து நூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் கூப்பிட்டார். அறுபத்து நாலாவது பெயரிலும் குரல் நடுங்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவர் ஒரு கிளாஸ் சிரப் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போனார்.

தினமும் கல்லைக் கழுவி விளக்கேற்றும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் சும்மா இருப்பதற்கு அது தேவலை என்று நினைத்தார்.

மார்ச் 10, திங்கள். கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு 5.50-க்குக் கல்லருகே வந்தார். இருட்டு. கோயில் பூட்டியிருந்தது. தண்ணீர் பிடித்துக் கல்லைக் கழுவினார். சிமெண்டுத் தரையையும் கழுவினார்.

6.00.

டங்… டங்… டங்…

நிமிர்ந்து பார்த்தார். கட்டட வேலை நடக்கிறதோ என்று நினைத்தார். சுற்றிலும் ஒரு விளக்குகூட இல்லை. அப்புறம் ஒரு வாடை வந்தது. ஒட்டுப்பால் வாடை. காய்ந்த ரப்பர் பாலின் புளித்த நாற்றம். அந்த வட்டாரத்தில் ரப்பர் மரம் என்று ஒன்றுகூட இல்லை. கடைசி மரத்தைத் தள்ளியே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

6.13-க்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வாடை போய்விட்டது. விளக்கேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, ரொட்டி சானாய் தின்றுவிட்டு, அதை மறந்தும் போனார்.

மார்ச் 11, செவ்வாய். 5.52-க்குத் தரையைக் கழுவினார். 6.00-க்கு அதே சத்தம். இந்த முறை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். 6.10-க்குக் கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்துப் பார்த்தார்.

ஈரத்தில் காலடிகள். வெறுங்கால். பெரிய கால், சின்னக் கால், விரல் இல்லாத ஒரு கால். எல்லாம் கல்லிலிருந்து வெளியே போகும் காலடிகள்.

உள்ளே வரும் காலடி ஒன்றுகூட இல்லை.

பயமாக இல்லையா என்று நான் கேட்டேன். "இருந்திருக்கணும்தான். எனக்கு எதுவும் தெரியல" என்றார்.

மார்ச் 12, புதன். 6.01.

ஒரு குரல் பெயர் கூப்பிட்டது. ஆண் குரல். தூரத்திலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது மாதிரி இருந்தது. கேட்ட குரலாகவும் இருந்தது. யாருடையது என்று பிடிபடவில்லை.

"நாகையா…"

"ஐயா."

"இராமலிங்கம்…"

"ஐயா."

கல்லில் வெட்டிய வரிசை. அதே வரிசை. கிழட்டுக் குரல், குழந்தைக் குரல், சளி கட்டிய குரல். ஒவ்வொன்றும் பதில் சொன்னது. லட்சுமணன் வாளியைப் பிடித்தபடி நின்றார். அறுபத்து ஒன்று… அறுபத்து இரண்டு… அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"பஞ்சவர்ணம்…"

"இருக்கேன்."

கையில் பிடித்த வாளி அப்படியே இருந்தது. தண்ணீர் மட்டும் ஆடியது.

அன்றைக்குக் காலண்டரில் இப்படி எழுதியிருக்கிறார்: 'மார்ச் 12. 6.04. இருக்கேன்.'

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. மழையில் போனார். காய்ச்சலில் போனார். தினமும் 6.04-க்கு ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டு விளக்கேற்றிவிட்டு வந்துவிடுவார். சவரம் செய்துகொண்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். விஷ்ணுப்ரியா வாசலில் நின்று கேலி செய்தாள்.

"எங்கேப்பா இந்த நேரத்துல? பொண்ணு பார்க்கவா?"

"கல்லு கழுவ."

"கல்லு கழுவ செண்ட் எதுக்குப்பா?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். மகளையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகலாமா என்று நினைத்தார். அம்மாவின் குரல் அவளுக்கு நினைவே இல்லை. ஆனால் கூட்டிப் போகவில்லை. அந்த ஒரு வார்த்தையை யாரோடும் பங்கு போட அவருக்கு மனம் வரவில்லை. அதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் 5, சனிக்கிழமை. பிற்பகல் 2.10-க்குக் கைப்பேசி அடித்தது. லிம். ஜெஞ்சாரோமில் தோட்டத்து ஆட்களோடு வளர்ந்தவர், உடைந்த தமிழ் நன்றாகவே பேசுவார். ராஜேஷ்குமாரின் கைப்பேசியில் கல்லின் படத்தை அப்போதுதான் பார்த்திருக்கிறார்.

"பாஸ், யார் சொன்னது சிவப்பு?"

"நான்தான். ஏன்?"

"அய்யோ பாஸ். எங்க கல்லுல சிவப்புன்னா உயிரோட இருக்கிற ஆளு. புருஷன் செத்தா பொண்டாட்டி பேரும் சேர்த்து வெட்டுவோம் லா. அவ பேர் சிவப்பு. அவளும் செத்தா சிவப்பு எடுத்துடுவோம். நீ செத்த ஆளு எல்லாருக்கும் சிவப்பு வச்சிட்ட."

"வச்சா என்ன ஆகும்?"

"தெரியாது. எங்க ஆளு யாரும் வச்சதில்லை. நான் வந்து சும்மாவே மாத்தித் தரேன். திங்கக்கிழமை."

லட்சுமணனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர் முட்டாள் இல்லை. செத்தவர்களை உயிரோடு இருப்பதாகக் கல்லில் எழுதி, பெரட்டு மாதிரியே பெயரும் கூப்பிட்டாயிற்று. தோட்டத்தில் உயிரோடு இருப்பவனுக்கு என்ன வேலை? பெரட்டுக்கு வந்து நிற்பது. வாளியைத் தூக்குவது. மரம் வெட்டுவது. அவருக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் அவர் நினைத்தது ஒன்றுதான். சிவப்பை எடுத்துவிட்டால் 6.04-க்கு எதுவும் கேட்காது.

ஏப்ரல் 7, திங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு லிம் வந்தார். ராஜேஷ்குமார் வெள்ளைப் பெயிண்ட் டின்னைப் பிடித்துக்கொள்ள, கிழவரே ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சிவப்பைச் சுரண்டி வெள்ளை தீட்டினார். ஒவ்வொரு பெயர் முடியும்போதும் வாய்க்குள் மலாயில் ஏதோ சொன்னார். பக்கத்தில் போய்க் கேட்டால், "சுடா… போலே ரேஹாட்" என்றார். முடிந்தது, ஓய்வெடுக்கலாம் என்று பொருள்.

அறுபத்து மூன்று பெயர் முடிந்தது. தூரிகை அடுத்த பெயருக்கு வந்தது.

"இது வேணாம்" என்றார் லட்சுமணன்.

"ஏன் பாஸ்?"

"என் சம்சாரம்."

லிம் திரும்பிப் பார்த்தார். "உயிரோட இருக்கா?"

லட்சுமணன் வாயைத் திறந்தார். ராஜேஷ்குமார் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கா."

கிழவர் தூரிகையை அந்தப் பெயரிலிருந்து எடுத்தார். "ஓகே லா" என்று சொல்லிவிட்டு அறுபத்தைந்துக்குப் போனார். சாயங்காலம் 6.40-க்கு வேலை முடிந்தது. கல் முழுக்க வெள்ளை. நடுவில் ஒரே ஒரு பெயர் சிவப்பு.

ஏப்ரல் 8, செவ்வாய்.

6.00. டங்… டங்… டங்…

6.01. குரல் ஒரு பெயரைத்தான் கூப்பிட்டது.

"பஞ்சவர்ணம்…"

நூற்றுப் பன்னிரண்டு பெயர்களோடு கலந்து கேட்டபோது பிடிபடாத குரல், ஒரே பெயராகக் கேட்டபோது பிடிபட்டது. மைக்கில் கூப்பிட்ட குரல். அவருடைய குரல்.

"இருக்கேன்."

பிறகு காலடி. ஒரு ஆளின் காலடி. தண்டவாளச் சத்தம் நின்ற பிறகு அது மட்டும் கேட்டது. தப்… தப்… தப்… வீடுகள் இருக்கும் பக்கமாகப் போனது. பாதி வழியில் இருமல் கேட்டது. அந்த இருமலை அவருக்குத் தெரியும்.

7.20-க்குத் திரும்பி வரும்போது கேட்டில் காவல்காரர் பாலன் நிறுத்தினார். "அண்ணே, இங்க வந்து பாருங்க. எவனோ மரத்தையெல்லாம் கீறி வச்சிருக்கான்."

முதல் சாலையோர மரங்கள் நாற்பதிலும் ஒரு கீறல். இடமிருந்து வலமாகச் சரிந்த கீறல். பச்சைக் கீறல். எல்லாம் ஒரே உயரம், இடுப்பளவு. கீறல் முடியும் இடத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தது. அப்படி ஆழமாக வெட்டினால் மரம் கெடும் என்று மண்டோர் பஞ்சவர்ணத்தை எத்தனையோ நாள் ஏசியிருக்கிறான்.

"சின்னப் பசங்க வேலையா இருக்கும்" என்றார் பாலன்.

லட்சுமணன் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஏப்ரல் 9, புதன். இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் பதில் வந்தது. குரல் அடைத்திருந்தது. அன்றைக்கு மூன்று சாலை மரங்கள் கீறப்பட்டிருந்தன. பாலன் எண்ணிச் சொன்னார், நூற்றுச் சொச்சம். நூற்றுப் பதினோரு பேர் செய்ய வேண்டிய வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று லட்சுமணனுக்குத் தெரிந்தது. தெரிந்தும், நாளை ஒரு நாள் மட்டும் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். இந்த இடத்தில் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்.

6.00. டங்… டங்… டங்…

"பஞ்சவர்ணம்…"

பதில் இல்லை.

"பஞ்சவர்ணம்…"

இருமல். நீண்ட இருமல்.

"பஞ்சவர்ணம்…"

"இரு…"

மூச்சு வாங்கியது. அப்புறம் மெல்ல, மிக அருகில், அவர் காதுக்குப் பக்கத்தில்…

"இன்னைக்கு ஒரு நாள் படுத்துக்கிறேனே…"

லட்சுமணன் வாயைத் திறந்தார். படுத்துக்கோ என்று சொல்லப் போனார். சத்தியமாக அதைத்தான் சொல்லப் போனார்.

அதற்குள் அவருடைய குரல் முந்திக்கொண்டது.

"போயிட்டு வந்துடு."

தப்…

தப்…

தப்…

அவர் ஓடினார். எதன் பின்னால் ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினார். சாலையில் ஒன்றும் இல்லை. விளக்குக் கம்பங்களும் நிறுத்தி வைத்த கார்களும்தான் இருந்தன. ஐந்தாவது சாலையில் ஒரு மரத்திலிருந்து சர்ர்… என்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தார். பட்டை தானாகச் சுருண்டு கீழே விழுந்துகொண்டிருந்தது.

கீறல் பாதியில் நின்றது.

6.13. பாங்கு.

ஜெஞ்சாரோமில் பெயிண்ட் கடை திறக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சின்ன வெள்ளை டின் ஒன்றும் தூரிகை ஒன்றும் வாங்கினார். 8.55-க்குக் கல் முன்னால் முட்டி போட்டு அந்தப் பெயரின் மேல் பூசினார். பெயிண்ட் எழுத்துக்கு வெளியே எல்லாம் வழிந்தது. லிம் சொன்ன மலாய் வார்த்தைகள் நினைவுக்கு வரவில்லை. "போதும் புள்ள. உட்காரு" என்று மட்டும் சொன்னார். அழுகை வரும் என்று காத்திருந்தார். வெயில் ஏறும்வரை காத்திருந்தார். வரவில்லை.

மறுநாள் 6.00-க்கு எந்தச் சத்தமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மரங்களின் கீறல் காய்ந்து கறுத்தது. புதிய கீறல் விழவில்லை. அவளை மூன்று நாள் தனியாக வேலை வாங்கிவிட்டேன், ஆனால் விட்டுவிட்டேன், இனி அவள் படுத்துக்கொள்ளலாம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைச் சொல்லித்தான் சாப்பிட்டார், அதைச் சொல்லித்தான் தூங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மே மாதம் 18-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை 11.30. ஜனகா கிள்ளான் வீட்டுக்கு வந்தாள். கையில் தடித்த புத்தகங்கள், அட்டை எல்லாம் கரையான் அரித்தவை. எல்ம்பீல்டில் கடைசியாக இருந்த கிராணியின் பிள்ளைகள், வீட்டைக் காலி செய்யும்போது அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்துச் செக்ரோல். யார் பெரட்டுக்கு வந்தார், அன்றைக்கு எத்தனை கிலோ பால் எடுத்தார் என்று நாள்வாரியாக எழுதும் புத்தகம். 1988 முதல் 1996 மார்ச் வரை.

விஷ்ணுப்ரியா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். ஜனகா அதைத் தொடவில்லை.

"அங்கிள், ஆன்ட்டி எறந்தது ஜூலை பதினாலுதானே? கல்லுக்குப் பேர் கொடுத்தப்போ அப்படித்தான் சொன்னீங்க."

"ஆமா."

"பதினஞ்சாம் தேதி அவங்க வந்ததா எழுதியிருக்கு. பதினோரு கிலோ."

லட்சுமணன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பதினாறாம் தேதியும் இருக்கு. அதுக்கு அடுத்த நாளும்… அங்கிள், இது கிராணி பண்ணின பொய்க் கணக்கா இருக்கும். செத்தவங்க பேர்ல சம்பளம் எடுக்கிறது பல தோட்டத்துல நடந்திருக்கு. என் தாத்தாகூடப் பண்ணியிருக்கலாம். நீங்க மனசு கஷ்டப்பட வேணாம். தெரிஞ்சிருக்கணுமேன்னுதான் சொல்றேன்."

"எது வரைக்கும் எழுதியிருக்கு?"

"கடைசிப் பக்கம் வரைக்கும். தோட்டத்தை மூடின நாள் வரைக்கும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்றில் புரண்ட பக்கத்தை லட்சுமணன் விரலால் அழுத்திப் பிடித்தார்.

"தீபாவளி அன்னைக்கு?"

"என்ன அங்கிள்?"

"தீபாவளிக்குப் பெரட்டு கிடையாதும்மா. தண்டவாளம் அடிக்க மாட்டாங்க. பால் எடுக்கிற கொட்டாய பூட்டிடுவாங்க. பொய்க் கணக்கு எழுதுறவன்கூட அன்னைக்கு எழுத முடியாது. எழுதினா மாட்டிக்குவான். பாரு."

ஜனகா பக்கங்களைப் புரட்டினாள். 1988 தீபாவளி. எல்லாப் பெயர்களுக்கும் நேராக, மேலிருந்து கீழே, விடுமுறை என்று ஒரு நீளக் கோடு இழுத்திருந்தது. ஒரு பெயருக்கு நேராக வந்ததும் கோடு நின்று, அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, அடுத்த பெயரிலிருந்து மறுபடி தொடங்கியிருந்தது.

விட்ட கட்டத்தில் பதினொன்று என்று எழுதியிருந்தது.

அவள் அடுத்த வருஷத்தைப் புரட்டினாள். அதற்கடுத்த வருஷத்தையும் புரட்டினாள். அவளுடைய கை வேகமாகியது. கடைசிப் புத்தகத்தை மூடிவிட்டுத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லும்மா."

"எட்டு தீபாவளி, அங்கிள்" என்றாள். "எட்டுக்கும் வந்திருக்காங்க."